கண்மாய் மண்ணைக் கன மீட்டரில் மட்டும் அளக்காதீர்கள்: ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் வருவாய்த் துறை, நீர்வளத் துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம்.

கோடை தொடங்கினால் ஏரி, கண்மாய்களில் மண் எடுக்க அனுமதி கொடுக்கும் வேலை உங்கள் மேசைக்கு வந்துவிடுகிறது. எந்தக் கண்மாய், எந்தப் புல எண், எத்தனை கன மீட்டர் என்று பட்டியல் போட்டு மாவட்ட அரசிதழில் வெளியிடுகிறீர்கள். நான் பார்த்த பட்டியல்களில் ஒரு விவரம் மட்டும் இருந்ததில்லை. அந்தக் கண்மாயில் எந்த மூலையில் என்ன மண் கிடக்கிறது, அதை நம்பி யார் பிழைக்கிறார்கள் என்பது எங்கும் எழுதப்படவில்லை. அதையும் எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் சிவகங்கை மாவட்டத்தில் மண்பாண்டம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவன். இப்போது பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். அப்பாவும் பெரியப்பாவும் மண் மிதித்த வீட்டில் வளர்ந்தவன் என்பதால், இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்ததை நேரடியாகவே சொல்கிறேன்.

நன்றி சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2017இல் விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் நீர்நிலைகளில் வண்டலும் களிமண்ணும் கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ள அரசு வழிசெய்தது. நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சை ஏக்கருக்கு 90 கன மீட்டர், மண்பாண்டத் தொழிலுக்கு 60 கன மீட்டர் என்று அளவும் வைத்தது. 2024இல் அனுமதி கொடுக்கும் அதிகாரம் வட்டாட்சியருக்கே வந்தது. அதுவரை மாவட்டத் தலைநகருக்கு நடையாய் நடந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல். மழைக்காலத்தில் சூளை மூட்ட முடியாத நாட்களுக்காக 5,000 ரூபாய் நிவாரணமும் கொடுக்கிறீர்கள். இதிலெல்லாம் எனக்குக் குறையில்லை. மண் எடுக்கும் உரிமை கையில் இருக்கிறது. எடுக்கப் போகும் இடத்தில் பானைக்கு ஆகும் மண் மிஞ்சியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கண்மாயின் உள்வாயில் இறங்கி ஒரு தடவை நடந்து பாருங்கள். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வந்து சேரும் முகத்தில் காலில் படுவது பருமணல். ஓடி வரும் வெள்ளம் வேகம் குறைந்ததும் கனமானதை முதலில் அங்கே போட்டுவிடுகிறது. உள்ளே போகப் போக மணல் நைந்து வண்டலாகும். கரைப் பக்கத்துப் பள்ளத்தில், மடைக்கு முன்னால்தான் தண்ணீர் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும். மிக நுண்ணிய துகள்கள் அங்கேதான் மெல்லப் படிந்து களியாகின்றன. ஒரே கண்மாய்க்குள் இப்படி மூன்று நான்கு வகை மண் இருக்கும். வைகைக் கால்வாயில் தண்ணீர் வாங்கும் கண்மாயின் களி வேறு, சுற்றியுள்ள மேட்டு நிலத்து மழைநீரை மட்டும் வாங்கும் கண்மாயின் களி வேறு. பக்கத்துப் பக்கத்து ஊர்க் கண்மாய்கள்கூட ஒத்துப்போகாது.

எங்கள் பெரியப்பா மண் பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன். மேல்மண்ணை ஓரடிக்கு ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து ஒரு கை எடுப்பார். தண்ணீர் தொட்டுப் பிசைந்து திரியாக உருட்டி விரலில் மோதிரம்போலச் சுற்றுவார். விரிசல் விடாமல் வளைந்தால் வளவளப்பு சரி. பிறகு துளி மண்ணை நாக்கில் வைத்துப் பார்ப்பார். கரித்தால் அது உவர் கலந்த மண். அதில் செய்த பானை வெந்து ஆறியபின் வெள்ளையாகப் பூத்து மேல்தோல் உதிரும். கடைசியாக மண்ணை இரு விரல்களுக்கு இடையில் தேய்த்துச் சுக்கான்கல் நெருடுகிறதா என்று தேடுவார். மற்ற எல்லாவற்றையும்விட அவர் அஞ்சியது அதற்குத்தான். பயறளவு சுக்கான் உள்ளே போனாலும் அது சூளையில் நீறிச் சுண்ணாம்பாகிவிடும். பானை வெளியே வந்த சில நாளில் காற்றின் ஈரத்தை இழுத்து அந்த இடம் உப்பும். பானையின் முகத்திலிருந்து ஒரு சில்லு தெறித்து விழும். சந்தையில் வாங்கிப் போனவர் ஓட்டைப் பானையோடு திரும்பி வந்து நிற்பார். அத்தனை உழைப்பும் போச்சு.

நல்ல களி கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. களி மட்டும் இருந்தால் காயும்போதே பிளந்துவிடும். மணல் சேர்க்க வேண்டும். எந்தக் களிக்கு எவ்வளவு மணல், தண்ணீர்ப் பானைக்கு எவ்வளவு, அடுப்பில் ஏறும் சட்டிக்கு எவ்வளவு என்பது அந்தந்த ஊர் மண்ணை வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் கண்டுபிடித்த கணக்கு. தண்ணீர்ப் பானை லேசாகக் கசிந்தால்தான் உள்ளே நீர் குளிரும். சோற்றுப் பானை நெருப்பில் ஏறி இறங்கும்போது வெடிக்கக் கூடாது. இரண்டுக்கும் ஒரே மண் ஆகாது. வேறு மண் வந்தால் இந்தக் கணக்கு முழுவதையும் முதலிலிருந்து போட வேண்டும். அந்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவை, வெடித்துப்போகும் சூளைகளின் நட்டத்தை, தாங்கும் நிலையில் இந்தத் தொழிலில் யாரும் இல்லை.

மானாமதுரையை எடுத்துக்கொள்ளுங்கள். நெடுங்குளம், செய்களத்தூர் போன்ற சுற்றுவட்டாரக் கண்மாய்களின் களியையும் வைகைப் படுகையின் மணலையும் கலந்துதான் அங்கே மண் தயாராகிறது. அந்த ஊர்க் கடத்துக்குக் கர்நாடக இசை மேடைகளில் இருக்கும் மதிப்பு உங்களுக்குத் தெரியும். கனமான, அடர்ந்த சுவர் உள்ள கடம் அது. ஈரம் காயாத நிலையில் உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் ஆயிரக்கணக்கான முறை தட்டித் தட்டி இறுக்குவார்கள். இந்தத் தட்டலைத் தாங்க மண்ணுக்குப் பசை வேண்டும், வெந்தபின் நாதம் வரவும் வேண்டும். கடம் செய்த மீனாட்சி அம்மாளுக்குச் சங்கீத நாடக அகாதமி விருது கிடைத்தபோது நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். 2023இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் வந்தது.

புவிசார் குறியீடு என்பது ஒரு பொருளின் தரத்துக்கும் அது பிறக்கும் இடத்துக்கும் உள்ள உறவை அரசே ஏற்றுக்கொள்வதுதான். அப்படியானால் அந்த இடத்து மண்ணை யார் காக்கிறார்கள்? 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் பெயரைப் பாதுகாக்கிறது. வேறு ஊரில் செய்த பானையை மானாமதுரைப் பானை என்று விற்றால் வழக்குப் போடலாம். மானாமதுரைப் பானைக்கு ஆதாரமான களி முழுவதும் டிப்பர் லாரியில் ஏறிச் சாலை மேட்டுக்குப் போனால், அந்தச் சட்டத்தின் கீழ் யாரிடம் முறையிடுவது?

இது நடக்காத கதை அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதிக் கண்மாய் ஒன்றில் ஆழப்படுத்தும் வேலை நடந்தது. கண்மாய் ஆழமாவதில் எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஜேசிபி இறங்கியது வழக்கமாகப் பானைக்கு மண் எடுக்கும் பள்ளத்தில். களியைத் தாண்டி அடியிலிருந்த மணல் தெரியும்வரை தோண்டி எடுத்துவிட்டார்கள். அடுத்த மழைக்குத் தண்ணீர் வந்தது, ஆனால் முன்போல நிற்கவில்லை. அடியில் இருந்த களிதான் தண்ணீர் இறங்காமல் தாங்கிக்கொண்டிருந்தது. பானைக்கும் மண் போயிற்று, பாசனத்துக்கும் தண்ணீர் போயிற்று. வேலை நடந்தபோதே பெரியப்பா போய்ச் சொல்லிப் பார்த்தார்: “சார், இந்த ஓரத்தை மட்டும் விட்டுட்டு அந்தப் பக்கம் எடுங்க, அங்கயும் மேடாத்தான் கெடக்கு.” வந்த பதில், “களிமண் எல்லாம் ஒண்ணுதானே பெரியவரே, வேற எடத்துல எடுத்துக்குங்க.” பதில் சொன்னவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் இருந்த காகிதத்தில் கன மீட்டர் மட்டும்தான் இருந்தது. இன்றைக்கு என் தம்பி முறை உள்ள ஒருவர் தூரத்துக் கண்மாயிலிருந்து குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி வைத்து மண் கொண்டுவருகிறார். அந்த மண்ணுக்கு ஏற்ற மணல் கணக்கு இன்னும் கைக்கு வரவில்லை என்கிறார்.

சட்டத்தின் பார்வையிலேயே இந்தச் சிக்கல் தொடங்குகிறது. 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தில் கட்டுமானக் கல், சரளை, சாதாரண மணல் ஆகியவற்றோடு சாதாரணக் களிமண்ணும் சிறுகனிமமாக வைக்கப்பட்டிருக்கிறது. 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளும் அதே வழியில் போகின்றன. எடுத்து விற்கும் சரக்கு என்று பார்த்தால் அந்த வகைப்பாடு சரியாக இருக்கலாம். ஒரு ஊரின் வாழ்க்கை எதன்மேல் நிற்கிறது என்று பார்ப்பதற்கு அதில் இடமில்லை.

ஊர்க்காரர்கள் மண்ணை எப்படி நடத்துகிறார்கள் என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் அய்யனார் கோவிலுக்கு மண் குதிரை கொண்டுபோகும் புரவி எடுப்புக்கு நாள் குறித்துவிட்டால் ஊர்ப் பெரியவர்கள் மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். ஒரு பிடி மண், தாம்பூலம், காணிக்கை. பிடிமண் கைமாறிவிட்டால் குதிரை செய்து கொடுப்பது வேளாரின் பொறுப்பு, ஊர் கூடி அதைத் தூக்கிப் போவது ஊரின் பொறுப்பு. அந்தப் பிடிமண்ணைக் களியோடு சேர்த்துப் பிசைவார்கள். கால்கள் தனியாக உருளும், உடல் அதன்மேல் வளரும், தலை கடைசியில் வரும். சூளையிலிருந்து இறக்கிச் சுண்ணாம்பும் வர்ணமும் பூசி, கண் திறந்து, வேட்டும் மேளமுமாகக் கோவிலுக்குப் போகும். பல ஊர்களில் அந்தக் கோவிலுக்குப் பூசை செய்பவரும் வேளார்தான். அய்யனார் கோவில்கள் பெரும்பாலும் கண்மாய்க் கரையில் இருப்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கண்மாயின் காவல் தெய்வத்துக்குக் கண்மாய் மண்ணிலேயே குதிரை செய்து நிறுத்துகிறார்கள். இந்த மண் எடுக்க விண்ணப்பப் படிவத்தில் ‘நோக்கம்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று எங்கள் ஊரில் ஒருவர் என்னிடம் கேட்டார். ‘மண்பாண்டத் தொழில்’ என்றே எழுதச் சொன்னேன். வேறு வழியில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த மண்ணோடு சாதியும் ஒட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறது. யார் பானை செய்ய வேண்டும், யார் கொள்ளிக்குடம் கொண்டுவந்து தர வேண்டும் என்றெல்லாம் ஊர் விதித்த கடமைகள் எங்கள் முன்னோரை அழுத்தியிருக்கின்றன. அதைக் காப்பாற்றச் சொல்லி நான் எழுதவில்லை. எங்கள் பிள்ளைகள் விரும்பிய வேலைக்குப் போகட்டும், விரும்புகிற யார் வேண்டுமானாலும் சக்கரத்தில் உட்காரட்டும். ஆனால் கற்றுக்கொள்ள வருகிறவருக்கு மண் இருக்க வேண்டும்.

மண்பாண்டக்காரருக்கு மட்டுமான கோரிக்கை இது என்று நினைத்துவிடாதீர்கள். விவசாயிகளிடம் கேளுங்கள். சித்திரை, வைகாசியில் கண்மாயில் படிந்த வண்டலான கரம்பையை அள்ளிச் செம்மண் பூமியான செவல் நிலத்தில் போடுவது எங்கள் பக்கத்தில் காலங்காலமான வழக்கம். செவலில் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். கரம்பையில் உள்ள களியும் மக்கும் அதைப் பிடித்துவைக்கும். எந்தக் கரம்பை உவர் இல்லாதது, எது முளைப்பைக் கெடுக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். முளைப்பாரிக்கு மண் எடுக்கப் போகும் பெண்களுக்கும் தெரியும். ஆடி மாதம் ஓட்டில் நவதானியம் போட்டு வளர்த்து, திருவிழா முடிந்து கண்மாயிலேயே கொண்டுபோய்க் கரைப்பவர்கள் அவர்கள்.

இன்னும் தெற்கே போனால் கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் வட்டாரக் கரிசல். கோடையில் காலை விட்டால் உள்ளே போகும் அளவுக்கு வெடிக்கிற மண். அந்த வெடிப்பு வழியாகத்தான் முதல் மழை அடிவரை இறங்குகிறது. பிறகு மண் ஊறி வீங்கி வெடிப்பை மூடிக்கொண்டு ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. புரட்டாசி, ஐப்பசி மழையை மட்டும் நம்பிக் கம்பும் சோளமும் பருத்தியும் உளுந்தும் மல்லியும் அங்கே விளைவது இதனால்தான். இதே வீங்கிச் சுருங்கும் குணம் வீட்டுச் சுவரைப் பிளக்கும் என்பதால் கடைகால் போடும் முறையே அங்கே வேறு. சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கத்துத் தேரியில் காற்றோடு நகரும் செம்மணல். அதைப் பிடித்து நிறுத்துவது பனை. அந்தப் பனையில் ஏறி இறங்கித்தான் ஒரு சமூகம் பிழைத்தது, உடன்குடிக் கருப்பட்டிக்குப் பெயர் வந்தது. கடற்கரைக்குப் போனால் உப்பளத்தில் பருவத்துக்கு முன் பாத்தியை ஆட்கள் வரிசையாக மிதித்து இறுக்குகிறார்கள். அடியில் களி இறுகாவிட்டால் உப்புநீர் கீழே இறங்கிவிடும்.

பனையைப் பற்றிச் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2021இல் பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு அறிவித்தது. பனை வெறும் விறகு அல்ல என்று அரசு ஏற்றுக்கொண்ட நாள் அது. மண்ணுக்கும் அப்படி ஒரு நாள் வர முடியும் என்று நம்புவதற்கு எனக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

கீழடியையும் சொல்லாமல் விட முடியவில்லை. கறுப்பு சிவப்புப் பானைகளும், தமிழியில் பெயர் கீறிய ஓடுகளும் வைகைக் கரையில் கிடைத்தபோது தமிழ்நாடே நிமிர்ந்து நின்றது. 2023இல் அங்கே அழகான அருங்காட்சியகமும் திறந்தீர்கள். என் மாணவர்களை அங்கே அழைத்துப் போயிருக்கிறேன். கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் ஓட்டைப் பார்த்துவிட்டு ஒரு மாணவி கேட்டாள்: “சார், இந்த மண்ணு இப்பவும் கெடைக்குமா?” கிடைக்கும் என்று சொன்னேன். அந்தப் பதில் இன்னும் இருபது வருஷத்துக்குப் பிறகும் உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

நான் கேட்பது பெரிய திட்டம் அல்ல, புதுச் சட்டமும் அல்ல. ஒரு கண்மாயை மண் எடுக்கும் பட்டியலில் சேர்க்கும் முன் அதன் உள்வாயில் ஒரு காலை நேரம் நடக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரோடு அந்தக் கண்மாயில் மண் எடுக்கும் வேளார், மடை திறக்கும் நீர்பாய்ச்சி, கரம்பை அடிக்கும் விவசாயிகள், முளைப்பாரிக்கு மண் எடுக்கும் பெண்கள் ஆகியோர் நடக்கட்டும். எங்கே பானைக்கு ஆகும் களி, எங்கே வயலுக்கு ஆகும் கரம்பை, எங்கே எதற்கும் ஆகாத மேட்டு மண் என்று அவர்கள் காட்டுவதை அங்கேயே புலப்படத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சாலைக்கும் கட்டடத்துக்கும் நிரப்ப மண் வேண்டுமானால் அந்த மேட்டு மண்ணைக் கொடுங்கள். பெரும்பாலான கண்மாய்களில் அது தாராளமாக இருக்கிறது. பானைக் களி இருக்கும் பகுதிக்கு நான்கு கல் நட்டு, இங்கே இயந்திரம் இறங்கக் கூடாது, கைமண்வெட்டியால் எடுக்கும் தொழிலாளர்களுக்கு மட்டும் என்று உத்தரவில் ஒரு வரி சேருங்கள். கரைக்கு ஆபத்து வராத தூரமும், தோண்டும் ஆழத்துக்கு ஒரு வரம்பும் அதே வரியில் இருக்கட்டும். களித் தட்டைத் துளைத்து மணலைத் தொடக் கூடாது என்பதற்கு எங்கள் ஆட்களும் கட்டுப்பட்டவர்கள்தான்.

ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் உள்ள மாநிலத்தில் இதற்கு ஆள் எங்கே என்று கேட்பீர்கள். எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் செய்யச் சொல்லவில்லை. அந்தந்தக் கோடைக்குப் பட்டியலில் வரும் கண்மாய்களை மட்டும் பாருங்கள். முதலில் மானாமதுரை போலப் புவிசார் குறியீடு பெற்ற இடங்களின் சுற்றுவட்டாரத்திலிருந்து தொடங்கலாம். 2015இல் வந்த மண்வள அட்டைத் திட்டத்தில் வயல் மண்ணைத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கார அமில நிலை என்று 12 வகையில் சோதித்துக் கொடுக்கிறீர்கள். அந்த ஆய்வகங்களிலேயே கண்மாய்க் களியின் உவர்த்தன்மையையும் பார்த்துச் சொல்லலாம். சுண்ணாம்பு எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொன்னால் பெரியப்பா நாக்காலும் விரலாலும் சொல்வதற்கு உங்கள் கோப்பில் ஓர் ஆதாரம் கிடைக்கும்.

காலம் பற்றியும் ஒரு வார்த்தை. களி எடுக்கத் தோதான நாட்கள் கண்மாய் வற்றிய பிறகு, அடுத்த மழைக்கு முன். சித்திரையிலிருந்து ஆனி, ஆடி வரைதான். விண்ணப்பம் அலுவலகத்தில் ஒரு மாதம் தங்கினால் அந்தப் பருவத்தில் பாதி போய்விடும். கார்த்திகை விளக்குக்கும் பொங்கல் பானைக்கும் வேண்டிய மண் ஆடிக்குள் வீட்டு முற்றத்தில் குவிந்திருக்க வேண்டும். ஒரே விண்ணப்பத்தில் இரண்டு மூன்று கண்மாய்களுக்கு அனுமதி கேட்க வழிவிடுங்கள். ஒரு பானைக்குள் ஒரு கண்மாயின் மண் மட்டும் இருப்பது அரிது.

அடுத்த கோடைக்கான பட்டியல் தயாராகும்போது எங்கள் பகுதிக் கண்மாய்களில் நடக்க நாள் குறித்துச் சொல்லுங்கள். மண் பார்க்கத் தெரிந்த பெரியவர்கள் இப்போதைக்கு இருக்கிறார்கள், வரவும் தயாராக இருக்கிறார்கள். அவர்கள் காட்டும் இடங்களை வரைபடத்தில் குறிக்கும் வேலையை நானும் என் மாணவர்களும் செய்து தருகிறோம்.

இப்படிக்கு,
மண்பாண்டத் தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியர்,
சிவகங்கை மாவட்டம்